உம்மாவைப் போல ஏசும் நீர்நாய்

அத்தியாயம் ஒன்பது

கைறுன்னிஸா லேஸ் பின்னப் பழகப் போகிறாள் என்றுதான் காத்தான்குடியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து சனிக்கிழமைகளாக அவளுடைய மூத்த சகோதரன் பாறூக் காக்கா அவளைத் திரை போட்ட மாட்டு வண்டியில் ஏற்றி, கல்லடிப் பாலத்தைத் தாண்டி, மட்டக்களப்பு டவுனில் ஹரல்ட் மாஸ்டர் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறான். மாஸ்டரின் மகள் ஜொய்ஸ் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறாள். அதுவரைக்கும் எல்லாம் உண்மை.

அந்த வீட்டின் பின்கதவால் வெளியே வந்தால் பத்து எட்டில் மாஸ்டரின் படக்கொட்டகை. அங்கேதான் உண்மை வேறு பாதையில் திரும்பியது.

ஹரல்ட் மாஸ்டர் பறங்கியர். காலையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பார், பின்னேரம் படம் காட்டுவார். இந்த முறை கொழும்பிலிருந்து அவர் கொண்டு வந்தது ஒரு புது மாதிரியான இங்கிலீஸ் படம். அதில் மனிதர்களே இல்லை. கையால் வரைந்த மிருகங்கள் நடந்து, சிரித்து, பேசின. ஒரு நீர்நாய்க் குடும்பத்தின் கதை. முதல் நாள் சனம் ஆசையாக வந்து பார்த்தது. அரைவாசிப் படத்தில் எழும்பிப் போனது. நீர்நாய் பேசிய இங்கிலீஸ் ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஜொய்ஸ்தான் வழி கண்டாள். மிருகங்கள் பேசுகிற இடத்தில் பப்பா மெசினில் சத்தத்தைக் குறைக்க வேண்டியது. திரைக்குப் பின்னால் நின்று தகரக் குழலில் தமிழில் பேச வேண்டியது. கொன்வென்டில் படித்தவள், இங்கிலீஸ் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் எழுதிய தமிழ் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. "அன்பு மக்களே, ஆற்றங்கரைக்குச் செல்லாதீர்கள்" என்றது தாய் நீர்நாய். அன்றைக்கு உண்மையாகவே லேஸ் பழக வந்திருந்த கைறுன்னிஸா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஒரு தாய் அப்பிடியா சொல்லுவா?"

"மறுகா எப்பிடிச் சொல்லுவா?" என்று ஜொய்ஸ் கேட்டாள்.

கைறுன்னிஸா யோசிக்கவே இல்லை. "ஆத்தங்கரைக்குப் போற கால முறிச்சி அடுப்புல வைப்பன்."

அந்த நிமிடத்திலிருந்து தாய் நீர்நாயின் குரல் அவளுடையது. குட்டிகள் இரண்டும் ஜொய்ஸ். தகப்பன் நீர்நாய், நரி, காற்று, மழை எல்லாம் பாறூக். யார் பேசுகிறார்கள் என்று கேட்டவர்களிடம் மாஸ்டர், "கொழும்பு ஆக்கள்" என்று சொல்லி வைத்திருந்தார். புருசன் முனாப் வீட்டைவிட்டுப் போய் நாலு வருசமான ஒருத்தி படக்கொட்டகையில் குரல் கொடுக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்பது அவளுக்கும் தெரியும், பாறூக்குக்கும் தெரியும்.

ஆறாவது சனிக்கிழமை காலையில் அவர்களுடைய தாய் ஆசியா உம்மா குசினி வாசலில் குந்தி ஓரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். முள் குத்தினால் கடுக்கிற மீன். கவனம் முழுவதும் கையில் இருக்கிற மாதிரி, முகத்தை நிமிர்த்தாமலே சொன்னார்.

"இண்டைக்கு நானும் படம் பாக்க வாறன்."

கைறுன்னிஸா உரலில் இருந்த கையை எடுக்கவில்லை. பாறூக்தான் முந்திக்கொண்டான்.

"படமா? உங்களுக்கு அந்த இருட்டு ஒத்துக்காது உம்மா."

"நான் கப்றுக் குழிய நினைச்சிக்கிட்டுப் படுக்கிறவள். இருட்டு எனக்கு என்ன செய்யும்?"

"இல்ல உம்மா, சனம் கூட."

"பொண்டுகளுக்கெண்டு தனியாக் காட்டுறாங்களாமே, ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும். சித்தி நபீஸா போன கிழமை போய் வந்தவள். வந்த நேரம் தொடக்கம் என்னப் பாத்துச் சிரிக்கிறாள். என்னத்துக்குடி சிரிக்கிறாய் எண்டு நேத்துப் புடிச்சிக் கேட்டன்." மீனைக் கழுவி அடுத்த சட்டியில் போட்டார். "அந்தப் படத்துல ஒரு நீர்நாய் இரிக்காம். அது என்னப் போலவே ஏசுதாம். அதப் பாக்காம நான் மௌத்தாகக் கூடாது."

பாறூக் தங்கையைப் பார்த்தான். கைறுன்னிஸா உரலைப் பார்த்தாள்.

வண்டியில் மூன்று பெண்கள். ஆசியா உம்மாவுக்கும் சித்தி நபீஸாவுக்கும் நடுவில் கைறுன்னிஸா, மடியில் லேஸ் பின்னுகிற தலையணையோடு. சித்தி நபீஸா பக்கத்து வீட்டுக்காரி, சித்தி என்பது பெயரோடு சேர்ந்ததுதான், சிரிப்பை அடக்கத் தெரியாதவள். வழி முழுக்க நீர்நாயின் பேச்சைப் பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஒரு இடத்துல சொல்லுது ராத்தா, 'நான் பெத்தது ரெண்டு, ஆனா சத்தம் இருவது புள்ளைர சத்தம்' எண்டு."

"அது நான் சொல்லுறது."

"அதத்தான் நானும் சொல்லுறன்."

ஆசியா உம்மா திரையைக் கொஞ்சம் விலக்கி வெளியே பார்த்தார். பிறகு, "கொழும்பு ஆக்களுக்கு என்ட பேச்சு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று சொல்ல முடியாது. வண்டிக்கு முன்னால் மாட்டோடு நடந்த பாறூக் சத்தமாக இருமினான்.

மாஸ்டர் வீட்டு வாசலில் கைறுன்னிஸா இறங்கினாள். "கவனமாப் பின்னு" என்றார் உம்மா. வண்டி கொட்டகைப் பக்கம் போனது.

திரைக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு தகரக் குழல், வசனம் எழுதிய ஒரு கொப்பி, காற்றுக்கு ஒரு ஓலைச் சுருள், மழைக்கு ஒரு தகரத் தட்டில் பயறு. உம்மா பார்க்க வந்திருக்கிறார் என்று கேட்டதும் ஜொய்ஸ் ஒரு குழலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இண்டைக்குத் தாயையும் நானே பேசுறன். நீ வீட்டில இரு."

"பேசு. ஆனா அந்தச் சொல்லு எல்லாம் அவட சொல்லுத்தான். உன்ட வாயால வந்தாலும் அவ அறிவா."

"அப்ப சொல்ல மாத்துவம்." ஜொய்ஸ் கொப்பியைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

மாற்றிப் பார்த்தார்கள். கால் மணி நேரம் பார்த்தார்கள். இங்கிலீஸில் குட்டிகள் ஏதோ இனிப்புக் கேட்கும். கைறுன்னிஸா அதைப் பிட்டும் மீன் ஆணமும் ஆக்கியிருந்தாள். உறைந்துபோன ஆற்றுக்குத் தமிழில் சொல் தேடி ஒரு நாள் முழுக்க அலைந்து, கடைசியில் "தண்ணி கல்லாப் போச்சு" என்று முடித்திருந்தாள். ஒவ்வொரு வரியிலும் உம்மா இருந்தார். அவரை எடுத்துவிட்டால் நீர்நாய்க்குப் பேச ஒன்றும் இல்லை.

ஜொய்ஸ் பென்சிலை வைத்தாள். "சரி. ஆத்தங்கரைக் கட்டத்தையாவது விடுவமா?"

கைறுன்னிஸா கொப்பியைப் புரட்டி அந்தக் கட்டத்தை எடுத்தாள்.

ஆற்றங்கரைக் கட்டம் படத்தின் நடுவில் வருவது. ஆறு உறைந்துவிட்டது, மீன் இல்லை. தகப்பன் நீர்நாய் தண்ணீர் தேடித் தனியாகப் புறப்படுகிறது. சூறைக்காற்று. தாய் கரையில் நின்று, வாயை அகலத் திறந்து, ஒரு கையை ஓங்கி ஏதோ கத்துகிறது. "காத்துச் சத்தத்துக்கு மேல கேக்கோணும் எண்டுதான் கத்துறா. போ, ஆனா திரும்பி வா எண்டுதான் இங்கிலீஸ்ல இருக்கு" என்று ஜொய்ஸ் முதல் நாளே சொன்னாள். கைறுன்னிஸா ஒத்துக்கொள்ளவில்லை. "முகத்தப் பாரு ஜொய்ஸ். ஏசுற முகம் அது." அவள் அந்த இடத்தில் தாய்க்குக் கொடுத்த வரி வேறு.

"இந்த வாசல்ல இனிக் கால வைக்காத."

அந்த வரியை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று ஜொய்ஸுக்குத் தெரியாது.

நாலு வருசத்துக்கு முந்தி ஒரு மாரி. பிள்ளை பிறந்து, அழாமலே போய், மூன்றாம் நாள். கைறுன்னிஸா காய்ச்சலோடு உள்ளறையில் கிடந்தாள். பிரசவத்தன்று மருத்துவிச்சியைக் கூட்டிவரத் தோணியில் போன முனாப், காற்றிலும் மழையிலும் பிந்தி வந்தவன். அந்த மூன்றாம் நாள் பின்னேரம் கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம், கூரையில் கொட்டுகிற மழைக்கு நடுவில், வாசலில் நின்று உம்மா கத்தியது அவளுக்குக் கேட்டது. வாசல், கால், வைக்காத, மகன். பொழுது பட்டபோது முனாப் இல்லை. வீடு அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு. அந்த வாசலிலிருந்து அவளுடைய புருசனை உம்மா துரத்திவிட்டார்.

தான் கேட்டதைக் காக்காவிடம் மட்டும் ஒரு தரம் சொன்னாள். உம்மாவிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நாலு வருசமாக ஒரே சட்டியில் சமைத்து, ஒரே பாயில் தொழுது, கேட்கவில்லை.

"விட ஏலா" என்றாள் ஜொய்ஸிடம். "அவ கேக்கட்டும்."

விளக்கு அணைந்தது. திரையின் பின்பக்கத்தில் படம் இடம் வலம் மாறித் தெரிந்தது. அவள் அந்தப் படத்தை இதுவரை நேராகப் பார்த்ததே இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். அதற்குள்ளால் முன் பாய்களில் இருந்த பெண்களின் முகங்கள் தெரிந்தன. இரண்டாவது வரிசையில் உம்மா, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

தாய் நீர்நாய் முதல் தரம் வாயைத் திறந்தபோது கொட்டகை சிரித்தது. சித்தி நபீஸா உம்மாவின் தோளில் தட்டினாள். உம்மா சிரிக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். யாரோ தூரத்தில் கூப்பிடுகிற மாதிரி.

"ஓராவ முள்ளோட முழுங்காத" என்றது நீர்நாய். சிரிப்பு.

"ரெண்டு தண்ணியில கழுவினாத்தான் மீன் மீனா இருக்கும்" என்றது. சிரிப்பு. உம்மாவின் உதடு அசைந்தது.

காற்று வந்தது. பாறூக் ஓலைச் சுருளைச் சுழற்றினான். பயறு தகரத்தில் கொட்டியது. தகப்பன் நீர்நாய் பனியில் திரும்பி நடந்தது. மாஸ்டர் சத்தத்தைக் குறைத்தார். ஜொய்ஸ் கைறுன்னிஸாவின் கையைத் தொட்டாள், கடைசியாக ஒரு தரம் யோசி என்று சொல்வதுபோல.

கைறுன்னிஸா குழலை வாயில் வைத்துக் கத்தினாள். "இந்த வாசல்ல இனிக் கால வைக்காத."

வேறு நாட்களில் இந்த இடத்தில் பெண்கள் "சீ" என்பார்கள், தாயைத் திட்டுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். பின்னால் ஒருத்தி, "பாவி, புருசன இப்பிடியா துரத்துறது" என்றாள். கைறுன்னிஸா கிழிசலுக்குள்ளால் பார்த்தாள். உம்மா முழங்காலைக் கட்டியிருந்த கை அவிழ்ந்துவிட்டது. அவர் படத்தைப் பார்க்கவில்லை. திரைக்குள் யாரோ நிற்கிற மாதிரி, அதன் நடுப்பகுதியை ஊடுருவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிகிற இடத்தில் ஆறு உருகும். தகப்பன் திரும்பி வரும். அந்த இடத்தில் தாய்க்குக் கைறுன்னிஸா வரி எழுதியிருக்கவில்லை. துரத்தினவள் என்ன பேசுவாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே ஆறு கிழமையாகத் தாய் நீர்நாய் அந்த இடத்தில் வாயை மட்டும் அசைத்தது. மாஸ்டர் அதில் சங்கீதத்தைக் கூட்டிச் சமாளித்தார்.

சனம் கலைந்தது. சித்தி நபீஸா வெளியே போய்ச் செருப்பைத் தேடினாள். உம்மா போகவில்லை. பாய்களுக்கு நடுவால் நடந்து, திரையின் ஓரத்தைக் கையால் ஒதுக்கி, உள்ளே வந்தார்.

தகரக் குழல் இன்னும் கைறுன்னிஸாவின் கையில்.

"மூணு தண்ணி" என்றார் ஆசியா உம்மா.

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"மீன மூணு தண்ணியில கழுவோணும். ரெண்டு எண்டு சொல்லிப் போட்டாய். நான் எப்பயாவது ரெண்டு எண்டு சொன்னனா?"

"இல்ல உம்மா."

"லேஸ் எங்க?"

கைறுன்னிஸா தலையைக் குனிந்தாள். பாறூக் முன்னுக்கு வந்து, "நான்தான் உம்மா கூட்டி வந்தன்" என்றான். உம்மா அவனைப் பார்க்கவே இல்லை. மேசையில் கிடந்த கொப்பியைத் தொட்டுப் பார்த்தார். எழுத்து வாசிக்கத் தெரியாத விரல், ஒரு வரியில் போய் நின்றது. எந்த வரியோ.

"மத்ததெல்லாம் என்ட பேச்சு. அறிஞ்சிக்கிட்டன். சிரிச்சாங்க, சிரிக்கட்டும்." குரல் இறங்கியது. "அந்த வாசல் கதை யாருட பேச்சு புள்ள?"

"உங்கட பேச்சு."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னன்?"

நாலு வருசமாகக் கேட்காதது இப்போது சத்தமே இல்லாமல் வந்தது. "அவர் போன அண்டைக்கு. நான் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தன். அது என்ட வாசல் உம்மா. என்னய ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

ஆசியா உம்மா பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"மழ பெய்ஞ்சது" என்றார். "வாசல்ல நிண்டு அழுதான். புள்ளையக் காப்பாத்த ஏலாமப் போயிட்டு மாமி, கைறுன்ட முகத்த எப்பிடிப் பாக்கிறது, கொஞ்ச நாளைக்குத் திருக்கோணமலப் பக்கம் போறன் எண்டான். தடுத்துப் பாத்தன். கேக்கல்ல. படலையத் தாண்டிப் போயிட்டான். மழையில கேக்காது எண்டு கத்திச் சொன்னன்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல் மாறாமல் இருக்க வேண்டும் என்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "வெக்கப்பட்டுக்கிட்டு இந்த வாசல்ல கால வைக்காம இருந்திராத, மகன்."

கொட்டகைக்கு வெளியே யாரோ பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

"அடுத்த நாள் உனக்கிட்ட வந்து, அவன் வருவான் புள்ள எண்டு சொன்னன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அவன்ல கோவம் எண்டு நினைச்சன். பொறகும் கேப்பாய் கேப்பாய் எண்டு இருந்தன். நீ கேக்கல்ல."

கைறுன்னிஸா குழலை மேசையில் வைத்தாள். வைக்கும்போது அது உருண்டது. ஜொய்ஸ் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தாயைப் பற்றி மகள் என்னவெல்லாம் நம்பிவிடலாம். ஒரு மழைக்குள்ளால் பாதிச் சொல்லைக் கேட்டு, மீதியைத் தானே இட்டு நிரப்பி, அந்த ஆளோடேயே நாலு வருசம் வாழ்ந்துவிடலாம். கைறுன்னிஸா உம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய முழங்காலில் முகத்தை வைத்தாள். உம்மா அவளுடைய தலையில் கை வைக்கவில்லை. கோபம் அவருக்கும் இருக்கத்தானே வேண்டும். பிறகுதான் கை வந்தது.

"அசர் தொழோணும்" என்றார். "தண்ணி இரிக்கா இஞ்ச?"

ஜொய்ஸ் ஓடினாள். வீட்டுக் கிணற்றடியில் வாளியில் தண்ணீர் அள்ளி வைத்தாள். அலுமாரியிலிருந்து கழுவி மடித்த வெள்ளைக் கட்டில் விரிப்பை எடுத்து, சிலுவை மாட்டியிருக்கிற முன்னறை சரிவராதென்று தானே யோசித்து, தையல் அறையில் விரித்தாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாள். பாறூக் காட்டிக் கொடுத்தான்.

தொழுது முடித்து வந்த ஆசியா உம்மா வண்டிப் பக்கம் போகவில்லை.

"நாலு மணிக்கும் காட்டுறாங்கதானே?"

"ஓம் உம்மா. ஆனா நான் இனி..."

"அவ்வளவு பொண்டுகளுக்கு முன்னால என்னப் பாவியாக்கிப் போட்டாய். அடுத்த கூட்டத்துக்காவது சரியாச் சொல்லு." மரப்பெட்டியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊருக்குத் தெரிஞ்சா என்ன செய்யிறது எண்டு நாளைக்கு யோசிப்பம். நபீஸாக்கு இன்னும் விளங்கல்ல. விளங்கினாலும் நான் பாத்துக்குவன்."

நாலு மணிக் காட்சிக்குக் கூட்டம் இன்னும் கூடவாக இருந்தது. மீன் மூன்று தண்ணீரில் கழுவப்பட்டது. ஆசியா உம்மா இருட்டில் தலையாட்டினார். படத்தை முதலில் நேராகவும் இப்போது பின்பக்கமாகவும் பார்த்த ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான். அது அவருக்கு ஒரு பெரிய விசயமாகத் தெரியவில்லை. குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

காற்று வந்தது. தகப்பன் திரும்பி நடந்தது. தாய் வாயை அகலத் திறந்து கையைத் தூக்கியது. கைறுன்னிஸா அந்த முகத்தைப் பார்த்தாள். இதே முகம்தான். ஒரு கோடு மாறவில்லை.

"வெக்கப்பட்டுக்கிட்டு இந்த வாசல்ல கால வைக்காம இருந்திராத."

கொட்டகையில் ஒருவரும் "சீ" என்று சொல்லவில்லை. ஒரு குழந்தை இருமியது கேட்டது. ஜொய்ஸ் இருட்டில் கொப்பியைத் தடவி, பழைய வரியைப் பென்சிலால் வெட்டினாள்.

ஆறு உருகியது. தகப்பன் நீர்நாய் தூரத்தில் சின்னதாகத் தெரிந்து, பெரிதாகி, கரைக்கு வந்து நின்றது. மாஸ்டர் வழக்கம்போல் சங்கீதத்தைக் கூட்டப்போனவர், ஜொய்ஸ் திரையை அசைத்ததைக் கண்டு கையை எடுத்துவிட்டார். தாய் வாயைத் திறந்தது. கைறுன்னிஸாவிடம் வரி இல்லை. குழல் வாயில், சொல் இல்லை.

மரப்பெட்டியில் இருந்து ஆசியா உம்மா மெதுவாகச் சொன்னார். "சாப்பிட்டீங்களா எண்டு கேளு. வேற என்னத்தக் கேக்கிறது?"

"சாப்பிட்டீங்களா?" என்றாள் கைறுன்னிஸா.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முன் பாயில் இருந்த ஒரு வயதான பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைக் கைறுன்னிஸா கண்டாள். தான் குழலை இன்னும் இறக்கவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சித்தி நபீஸா டவுனில் தன் தங்கை வீட்டில் நின்றுவிட்டாள். திரும்பும்போது வண்டியில் தாயும் மகளும் மட்டும். பொழுது வாவியில் சாய்ந்துகொண்டிருந்தது. பாறூக் வழக்கம்போல் மாட்டோடு நடந்தான். கொட்டகையில் உம்மா பேசினதிலிருந்து அவன் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. கைறுன்னிஸா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

வண்டி கல்லடிப் பாலத்தில் ஏறியது. அவள் வெகுநேரமாக மனதில் வைத்துப் புரட்டியதைக் கேட்டாள்.

"வரச் சொல்லித்தானே விட்டீங்க. அப்ப அவர் ஏன் உம்மா வரல்ல?"

"அல்லாக்குத்தான் தெரியும்."

மாடு நின்றது. பாறூக் நிறுத்தியிருந்தான்.

"வந்தவர்" என்றான்.

ஆசியா உம்மா திரையை விலக்கினார். பாறூக் அவர்களைப் பார்க்காமல் பாலத்தின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள். இந்தப் பாலத்துலதான் கண்டன். காத்தான்குடிக்குத்தான் நடந்து வந்துக்கிட்டு இருந்தார். கையில ஒரு சாரிப் பொட்டலம். நான் மறிச்சன்."

"என்ன சொன்னாய்?" என்றார் உம்மா.

பாறூக் தங்கையின் பக்கம் திரும்பினான். "நீ அண்டைக்கு எனக்குச் சொன்னதத்தான் சொன்னன். இந்த வாசல்ல கால வைக்கக் கூடாதெண்டு. மாமி அப்பிடிச் சொல்லல்லயே மச்சான் எண்டார். நான் விடல்ல. கைறுன்தான் சொன்னவள் எண்டன். கைறுனா சொன்னவள் எண்டு ரெண்டு தரம் கேட்டார். ஓம் எண்டன். அதுக்குப் பொறகு ஒண்டும் பேசல்ல. அப்பிடியே திரும்பிப் போயிட்டார்."

கைறுன்னிஸாவுக்கு முதலில் தோன்றியது காக்காவின் மேல் கோபம் இல்லை. அவள் உம்மாவின் வாயில் வைத்த சொல், காக்காவின் வாய்க்குப் போய், அங்கிருந்து அவளுடைய சொல்லாகவே முனாப்பின் காதுக்குப் போயிருக்கிறது. பெருநாளுக்கு முதல் நாள். அன்றைக்கு அவள் வீட்டில் மருதோன்றி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போனார்?"

"ஏறாவூர்ச் சந்தைக்குப் புடவை கொண்டு போற லொறியில வந்ததாக் கண்ட உடன சொன்னார். ஏறாவூர்ல ஆருட்டயோ வேல செய்யிறாராம். அவ்வளவுதான் தெரியும். மறுகா நான் தேடல்ல."

வாவிக் காற்று திரையை உள்ளே தள்ளியது. ஆசியா உம்மா மகனை ஏசுவார் என்று கைறுன்னிஸா எதிர்பார்த்தாள். அவர் ஏசவில்லை.

"ஏறாவூருக்கு வண்டியத் திருப்புங்க காக்கா" என்றாள்.

"இப்பவா? மஃரிப் ஆகுது. நாளைக்கு வெள்ளன நான் போய்..."

"நீங்க போய்ச் சொன்னது இனிக் காணும். நான் சொல்லுறன்."

பாறூக் உம்மாவைப் பார்த்தான். ஆசியா உம்மா மகளின் தலைச்சீலையைக் காற்றில் பறக்காதபடி இழுத்துச் சரிசெய்தார். அதுதான் அவருடைய பதில்.

ஆனால் பாலத்தின் நடுவில் மாட்டு வண்டியைத் திருப்ப இடமில்லை. அந்தக் கரை வரைக்கும் போய்த்தான் திரும்பி வர வேண்டும். பாறூக் மாட்டின் முதுகைத் தட்டினான். ஏறாவூருக்கு எதிர்த் திசையில், அவர்கள் மிச்சப் பாலத்தைக் கடந்தார்கள்.